எங்கள் பாண்: 'கடவுள் தருவார்' என்ற நம்பிக்கை பற்றிச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு காலை, இரவு வேலை முடிந்து நான் வீடு திரும்பும் நேரம் பார்த்து, எனக்குத் தெரிந்த ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அவரும் கணவரும் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்காகச் சட்டத்தரணிக்குக் கட்டவென்று 800 யூரோ சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பணத்தைக் கணவர் தாங்கள் போகும் செபக்கூட்டத்தில் 'விதைக் காணிக்கை'யாகக் கொடுத்துவிட்டார். விதைத்தவன் அறுப்பான், கர்த்தர் பல மடங்காகத் திருப்பித் தருவார், விசாவும் அதோடு வரும் என்று அங்கு சொல்லப்பட்டதாம். மனைவி போய்த் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஆண்டவருக்குக் கொடுத்ததை மனிதர் திருப்பித் தர முடியாது என்று பாஸ்ரர் சொல்லிவிட்டார்.

"சேர், நீங்கள் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சனீங்கள், உங்களுக்கு வேதம் தெரியும். கடவுள் தருவார் எண்டு நம்பிறது பிழையோ?" என்று அவர் கேட்டார். அழவில்லை. சண்டைக்கும் கேட்கவில்லை. விடை தெரிய வேண்டும் என்பதற்காகவே கேட்டார்.

நான் ஊரில் பொருளியல் விரிவுரையாளனாக இருந்தவன். இப்போது ஜேர்மனியில் ஒரு பாண் தொழிற்சாலையில், சூளையிலிருந்து வரும் பாணைத் தட்டுகளில் அடுக்கும் வேலை. பிறப்பால் கிறிஸ்தவன், கோயிலுக்குப் போவது குறைவு. அன்று அவருக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. பிழை என்று சொன்னால் என் அம்மாவைப் பிழை என்று சொன்னதாகும். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு யாழ்ப்பாணத்தில் அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற நாட்களில், இருந்த அரிசியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "மரம் வைச்சவன் தண்ணி ஊத்துவான்" என்று சொன்னவர் அவர். சரி என்று சொன்னால் அந்த 800 யூரோவையும் சரி என்றதாகிவிடும். ஆகவே அன்று சொல்லாத விடையை இங்கு எழுத முயல்கிறேன்.

எமது சஞ்சிகைகளில் மதம் பற்றி எழுதுபவர்கள் 'அபின்' என்ற ஒரு சொல்லோடு விடயத்தை முடித்துவிடுவது வழக்கம். 1843-44 இல் மார்க்ஸ் எழுதிய அதே பந்தியில், ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்பதும் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அது போகட்டும். நான் கேட்க விரும்புவது, கடவுள் உண்டா இல்லையா என்பதல்ல. 'கடவுள் தருவார்' என்று கிறிஸ்தவர்களின் நூல்கள் சொல்லும்போது உண்மையில் என்ன சொல்லுகின்றன, யாரைப் பார்த்துச் சொல்லுகின்றன என்பதே.

இயேசு கற்பித்த செபத்தில் உணவு பற்றி ஒரேயொரு வரிதான் உண்டு. அதிலுள்ள ஒரு சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது என்று இன்றுவரை தீரவில்லை. கிரேக்க மூலத்தில் 'எபியூசியோஸ்' என்ற அந்தச் சொல், அந்தச் செபத்துக்கு வெளியே கிரேக்க இலக்கியத்தில் ஐயமின்றிக் காணப்படுவதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜன், கிரேக்கம் நன்கறிந்தவர், இது மக்கள் வழக்கில் இல்லாத சொல் என்று எழுதிவைத்தார். லத்தீனில் பெயர்த்த ஜெரோம், மத்தேயுவில் ஒரு சொல்லையும் லூக்காவில் வேறொரு சொல்லையும் போட்டார். தமிழிலும் அதே கதைதான். புரட்டஸ்தாந்தினர் 'வேண்டிய' என்கிறார்கள், கத்தோலிக்கர் 'அனுதின' என்கிறார்கள். இன்றைக்கு உரியது, நாளை விடிந்ததும் தேவைப்படுவது, உயிர் வாழப் போதுமானது என்று மூன்று விதமாகவும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். எதைக் கொண்டாலும் ஒரு விடயம் மாறாது: கேட்கப்படுவது ஒரு நாளைக்குப் போதுமான அளவு. நூறு மடங்கு அல்ல. இன்னொன்று, அந்த வரியில் 'என்' என்ற சொல் இல்லை, 'எங்கள்' என்பதே இருக்கிறது. எனக்குப் பாண் தா என்று ஒருவன் தனியாக நின்று அந்தச் செபத்தைச் சொல்ல முடியாது.

யூதர்களான அந்தச் சீடர்களுக்கு, நாளாந்த உணவு என்றதும் மன்னா நினைவுக்கு வந்திருக்கும். யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் வரும் கதை. எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பி வந்து வனாந்தரத்தில் பசியோடு நிற்கும் ஒரு கூட்டம். காலையில் தரையில் உணவு கிடக்கிறது. ஆளுக்கு ஒரு ஓமர் என்ற அளவு. அதிகம் பொறுக்கியவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகப் பொறுக்கியவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தவர்களின் பங்கு புழுத்து நாறியது. ஓய்வு நாளுக்கு முந்திய நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம், அது புழுக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வானத்திலிருந்து விழுந்ததையே அற்புதமாகச் சொல்வோம். எனக்கு அதைவிட அந்தப் புழுதான் முக்கியமாகப் படுகிறது. தருகிறவர் தந்துவிட்டார், பதுக்கினால் அது உணவாக இருப்பதில்லை என்பதே சட்டம். எங்கள் தொழிற்சாலையில் வடிவம் பிசகிய பாணும் விற்காமல் திரும்பிவரும் பாணும் பெரிய தொட்டிகளில் கொட்டப்பட்டு மாட்டுத் தீவனத்துக்குப் போகின்றன. இரவு மூன்று மணிக்கு அந்தத் தொட்டியைத் தள்ளும்போது மன்னாக் கதையை நினைக்காமலிருக்க முடிவதில்லை.

இது என் சொந்த வியாக்கியானம் என்று நினைக்க வேண்டாம். கி.பி. ஐம்பதுகளில் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 8ஆம் அதிகாரத்தில் இதே மன்னா வரியை எடுத்தாள்கிறார். எதற்காக? எருசலேமில் வறுமைப்பட்டிருந்தவர்களுக்குப் பணம் சேர்ப்பதற்காக. உங்களிடம் மிஞ்சியிருப்பது அவர்களுடைய குறைவை நிரப்பட்டும், பின்னொரு நாள் மறுவளமாகவும் நடக்கும் என்பது அவருடைய வாதம். அங்கு அவர் பாவிக்கும் சொல் சமநிலை. அதாவது மன்னா இனி வானத்திலிருந்து விழுவதில்லை, கொரிந்தியரின் பையிலிருந்து விழ வேண்டும். இதை எழுதிய பவுல் கூடாரம் தைக்கும் தொழில் செய்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். யாக்கோபின் நிருபம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. உடையும் உணவும் இல்லாதவனைப் பார்த்து, சமாதானமாய்ப் போ, குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் சொல்லி அனுப்புகிறவனின் விசுவாசத்தை அது செத்தது என்கிறது.

பறவைகளைப் பாருங்கள், கவலைப்படாதீர்கள் என்ற பகுதிதான் எல்லோருக்கும் தெரிந்தது. லூக்காவில் அந்தப் பேச்சு காகங்களைப் பற்றி வருகிறது. அதற்கு உடனே முன்னால் வேறொரு கதை நிற்கிறது. விளைச்சல் பெருகிய ஒருவன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். அன்று இரவே அவன் உயிர் போகிறது. களஞ்சியமில்லாத காகம் அந்தக் களஞ்சியக்காரனுக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது. அதைப் பிடுங்கியெடுத்து, களஞ்சியம் கட்ட ஆசைப்படுகிறவனுக்கு வாக்குறுதியாக வாசிப்பதுதான் இப்போது நடக்கிறது.

இனி, இந்த நம்பிக்கையை வாழ்க்கை முழுவதும் சோதித்துப் பார்த்த ஒரு மனிதரிடம் வருகிறேன். ஜோர்ஜ் முல்லர் 1805 இல் பிரஷ்யாவில் பிறந்தவர். இளமையில் அப்பாவின் பணத்தைத் திருடியவர், தங்குமிடத்துக் கடனைக் கட்டாமல் ஓடப் பார்த்து 16 வயதில் சிறையிலிருந்தவர். பின்னர் ஹாலே நகரில் இறையியல் படித்தார். 1826 இல் சில வாரங்கள், ஏழை மாணவர்களுக்கான இலவச விடுதியில் தங்கினார். அந்த விடுதி, ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே உருவாக்கிய அநாதை இல்லத்தைச் சேர்ந்தது.

இந்த ஹாலே எங்களுக்கு அந்நியமான இடமல்ல. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பிராங்கேயின் மாணவர். தமிழ் எழுத்துக்கள் ஹாலேயில் வார்க்கப்பட்டே தரங்கம்பாடி அச்சகத்துக்குப் போயின. 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சாகி முடிந்தது. ஒரு விடுமுறை நாளில் ரயிலேறிப் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். நீண்ட மரச்சட்டக் கட்டடம், முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். அங்குள்ள சுவடிக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. 1695 இல் தன் வீட்டு உண்டியலில் யாரோ போட்ட 4 தாலர் 16 குரோஷனைக் கண்டு, இது நல்ல முதல், இதைக்கொண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்று பிராங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து எல்லாம் வளர்ந்தது. கடவுள் தந்தார் என்று அவர் ஒரு புத்தகமே எழுதினார். கூடவே மருந்துச்சாலையும் புத்தகக்கடையும் அச்சகமும் நடத்தினார் என்பதும், அங்கு தயாரித்த மருந்துகள் பல நாடுகளுக்கு விற்கப்பட்டு அநாதை இல்லத்தைத் தாங்கின என்பதும் உண்மை. பொருளியல் படித்தவனுக்கு இதில் முரண்பாடு தெரியாது.

முல்லர் இங்கிலாந்து போய்ப் போதகரானார். 1830 இல் சம்பளத்தை விட்டார், வசதியானவர்கள் கோயிலில் ஆசனத்துக்குக் கட்டிய வாடகை அது என்பதால். பிரிஸ்டலில் இருந்தபோது, தினம் 14, 16 மணித்தியாலங்கள் வேலை செய்யும் ஒரு தொழிலாளியைச் சந்தித்ததை அவரே எழுதியிருக்கிறார். உடம்பு கெட்டுவிட்டது, செபிக்கவும் நேரமில்லை. கொஞ்சம் குறைத்து வேலை செய்யுங்கள் என்றார் முல்லர். குறைத்தால் குடும்பத்துக்குப் போதாது என்றார் அவர். இப்படிப்பட்டவர்களுக்கு, கடவுள் இன்றும் தருகிறார் என்று கண்ணால் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அநாதை இல்லத்துக்கு முதற் காரணம் என்கிறார். பிள்ளைகளின் நலன் அதற்கு அடுத்தது. ஒரு ஏழை, எந்த மனிதரிடமும் கேட்காமல், செபத்தால் மட்டும் ஒரு பெரிய இல்லத்தை நடத்திக்காட்டினால் அது நிரூபணமாகும் என்பது அவருடைய கணக்கு.

1836 இல் தொடங்கினார். வீடு கேட்டுச் செபித்தார், பணம் கேட்டார், உதவியாளர் கேட்டார், தளபாடங்கள்கூடக் கேட்டார். விண்ணப்பம் வாங்கக் காத்திருந்த நாளில் ஒரு பிள்ளையும் வரவில்லை. பிள்ளைகளைக் கேட்க மறந்துவிட்டேன் என்று எழுதுகிறார்! வாடகை வீட்டில் தொடங்கியது, 1870 அளவில் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்களாக, 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்கக்கூடியதாக வளர்ந்தது. 1898 இல் அவர் இறக்கும்வரை சுமார் 10,000 பிள்ளைகள் அங்கு வளர்ந்தார்கள். கடன் வாங்கவில்லை. வரவு செலவை ஒரு பென்னி விடாமல் வருடாந்தம் அச்சிட்டார். கொடுத்தவர் பெயரை மட்டும் போடவில்லை. தன் கையில் வந்த பணத்தில் 80,000 பவுணுக்கு மேல் கொடுத்துவிட்டு, சாகும்போது 160 பவுண் அளவில் வைத்திருந்தார். தென்தமிழ்நாட்டில் டோனாவூரில் எமி கார்மைக்கேல் 1901 இலிருந்து நடத்திய பிள்ளைகள் இல்லமும் பணம் கேட்பதில்லை என்ற இதே நியதியைக் கைக்கொண்டது.

அவரைப் பற்றிப் பிரசங்கிகள் சொல்லும் பாண்காரர், பால்வண்டிக் கதையை விட, அவருடைய குறிப்புகளில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 1838 செப்டெம்பரில் கையில் ஒன்றுமில்லை. உதவியாளர்கள் தங்கள் சொந்தக் காசைப் போடுகிறார்கள், சொந்தப் பொருட்களை விற்கிறார்கள். அப்போது லண்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மூன்று பவுணுக்குச் சற்று அதிகமான தொகையைக் கொண்டுவந்து கொடுக்கிறார். மகள் கொடுத்துவிட்டது. அவர் பிரிஸ்டலுக்கு வந்து நாலைந்து நாட்களாகிவிட்டன, தங்கியிருந்ததும் ஆண்பிள்ளைகள் இல்லத்துக்கு அடுத்த வீட்டில். இவ்வளவு நாளும் பணம் பக்கத்திலேயே இருந்தது, நாம் செபிக்க வேண்டும் என்பதற்காகக் கடவுள் தாமதித்தார் என்று முல்லர் மகிழ்கிறார். எனக்கு அந்த மகிழ்ச்சியில் பங்கெடுக்க முடியவில்லை. கடவுள் கொடுத்தாகிவிட்டது; அது ஒருவருடைய கைப்பையில் நாலு நாள் கிடந்தது. அந்த நாலு நாளும் தங்கள் பொருளை விற்றவர்கள் அந்த உதவியாளர்கள். 'கடவுள் தருவார்' என்பதில் எப்போதும் இப்படி ஒரு கைப்பை இருக்கிறது.

முல்லரைக் குறைகூற இன்னும் இடமுண்டு. யாரிடமும் கேட்கவில்லை என்றாலும் அவருடைய அறிக்கைகள் ஊரெங்கும் வாசிக்கப்பட்டன. அந்த மௌனம் நன்றாகவே கேட்டது. ஆனால் 1841 டிசம்பரில் கையில் ஒன்றும் இல்லாதபோது, அறிக்கை வெளியிட்டால் மறைமுகமாகக் கேட்டதாகும் என்று அதைத் தள்ளிப்போட்டவரும் அவர்தான். ஆகவே வஞ்சகம் என்று சொல்லமாட்டேன். பிரிஸ்டல் அடிமை வியாபாரத்தால் செழித்த துறைமுகம். 1833 இன் சட்டம் அடிமைகளை விடுவித்தபோது 20 மில்லியன் பவுண் நட்டஈடு உடைமையாளர்களுக்கே ஒதுக்கப்பட்டது, அடிமைகளுக்கு அல்ல. அப்படிப்பட்ட ஒரு நாட்டில் வந்து சேரும் பணம் யாரிடமிருந்து முதலில் எடுக்கப்பட்டது என்ற கேள்வியில் முல்லர் கவனம் செலுத்தியதாகத் தெரியவில்லை. அந்த 16 மணித்தியாலத் தொழிலாளியின் கதியும் அநாதை இல்லத்தால் மாறவில்லை. ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் 10 மணித்தியால வேலைநாள் 1847 இல் சட்டமானது, நெடுங்காலப் போராட்டத்தின் பின். அதற்காக வருடக்கணக்கில் பாராளுமன்றத்தில் வாதாடிய ஆஷ்லி பிரபுவும் முல்லர் வாசித்த அதே வேதாகமத்தை வாசித்தவர். தோழர்களுக்கு இது கசக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தப் பெண்ணின் 800 யூரோவுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு சம்பவம் முல்லரின் குறிப்புகளில் இருக்கிறது. தையல் வேலை செய்து வாரத்துக்கு ஒருசில சிலிங் மட்டும் உழைத்த, நோயாளியான ஒரு பெண், தனக்கு முதுசமாகக் கிடைத்ததிலிருந்து 100 பவுணை அநாதை இல்லத்துக்குக் கொண்டுவந்தார். முல்லர் உடனே வாங்கவில்லை. அவரை இருத்தி, அவசரப்பட்டுச் செய்கிறாரா, பின்னர் வருந்துவாரா என்று நீண்ட நேரம் கதைத்து, அவர் யோசித்தே முடிவெடுத்தார் என்று தெரிந்த பின்னரே வாங்கினார். கடன் இருப்பவர்கள் முதலில் கடனைக் கட்ட வேண்டும், காணிக்கை பிறகு என்பதும் அவருடைய கொள்கை. பணம் இல்லாமல் பிள்ளைகளோடு செபித்துக்கொண்டிருந்த மனிதர் இப்படி நடந்தார்.

'விதைக் காணிக்கை' என்ற போதனை பழமையானதும் அல்ல. அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஓரல் ரொபேர்ட்ஸ் என்ற பிரசங்கியே இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். 1970 இல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். தொலைக்காட்சி அதை உலகெங்கும் கொண்டுபோயிற்று. இதற்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது மல்கியாவின் 3ஆம் அதிகாரம்: தசமபாகத்தைக் கொண்டுவந்து என்னைச் சோதித்துப் பாருங்கள் என்ற பகுதி. அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்கள் முன்னால் போனால், கூலிக்காரனின் கூலியை வஞ்சிப்பவர்களுக்கும், விதவையையும் அநாதையையும் ஒடுக்குபவர்களுக்கும், அந்நியனின் நியாயத்தைப் புரட்டுபவர்களுக்கும் விரோதமாகக் கடவுள் சாட்சியாக நிற்பதாக இருக்கிறது. அந்நியன் என்றால் யார்? பிற நாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவன். நாங்கள். இன்னும் பின்னால், உபாகமம் 14இல், மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை என்ன செய்வது என்று சொல்லப்படுகிறது: ஊர்வாசலில் வைத்து, நிலமில்லாத லேவியனும் அந்நியனும் அநாதையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடையக் கொடுக்க வேண்டும். அகதியிடமிருந்து வாங்கச் சொல்லவில்லை, அகதிக்குக் கொடுக்கச் சொல்கிறது. இதைப் பாஸ்ரர்மார் வாசித்திருக்கவே மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆகவே அந்தத் தங்கச்சிக்கு என் விடை: நம்புவது பிழையில்லை. நான் ஒரு கிழமைக்குப் பின் அவருடைய வீட்டுக்குப் போய் இதில் பாதியைச் சொன்னேன். கணவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை; அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. வேலை செய்ய அனுமதியில்லாமலும் பின்னர் அனுமதி கிடைத்து அரைச்சம்பளத்திலும் ஐந்து வருடங்களைக் கழித்த மனிதனுக்கு, நாளைக்கு வரும் என்று யாரும் சொல்லாத வீட்டில், ஒருவர் மட்டும் வரும் என்று சொல்லியிருக்கிறார். மேன்முறையீட்டுத் திகதிக்குப் பதினொரு நாட்கள் இருந்தன. சட்டத்தரணி அரைவாசியை முதலில் கட்டினால் போதும் என்றார். வேலைத்தலத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 400 யூரோவைத் தேடினோம். அதில் 150 ஐத் தந்தவர் என்னோடு சூளையடியில் நிற்கும் துருக்கியர். ஐந்து வேளை தொழுபவர். யாருக்கு என்று கேட்கவில்லை, எவ்வளவு குறைகிறது என்று மட்டும் கேட்டார்.

மனு உரிய நாளில் போய்விட்டது. வழக்கு எப்போது எடுபடும் என்று இன்னும் கடிதம் வரவில்லை. அடுத்த ஞாயிறு செபக்கூட்டத்தில் கணவர் எழும்பி, கேட்காமலே கர்த்தர் பணத்தைத் தந்தார் என்று சாட்சி சொன்னாராம். விதை முளைத்துவிட்டது பாருங்கள் என்றாராம் பாஸ்ரர். இதைத் துருக்கிய நண்பருக்கு என் அரைகுறை ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அது பரவாயில்லை, ஆனால் மார்ச் மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல், மகளுக்குக் கலியாணம் என்றார்.